தையல் டேப்பில் மிச்சமிருந்த ஆறு அங்குலம்

தையல் டேப்பின் நீளம் 60 அங்குலம். இருபது வருஷமாக அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் என் பொழுது போகிறது. கரூரில் வீட்டு முன்னறையில் தையல் கடை. பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை. 2024 ஜனவரியில் பொங்கல் துணிகளையெல்லாம் கொடுத்து முடித்த ஒரு மத்தியானம், எனக்கும் ஒரு சுடிதார் தைக்கலாம் என்று சீட் அளவு, அதாவது இடுப்புக்குக் கீழே பின்பக்கச் சுற்றளவு, எடுத்தேன். 54. டேப்பில் மிச்சம் ஆறு அங்குலம். எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறேன், அந்த எண்ணை நோட்டில் எழுதக் கை வரவில்லை.

அப்போது எனக்கு வயது 43, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 118 கிலோ. ஆறு வருஷமாகச் சுகர். முட்டிவலியால் மிதிக்க முடியாமல் மெஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று. என் குறட்டை தாங்காமல் மகள் பாட்டி அறைக்குப் படுக்கப் போய்விட்டாள். உணவுக் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. அரிசி, கோதுமை இல்லாத பேலியோ டயட்டில் 11 கிலோ இறங்கி 14 கிலோ ஏறியது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தேன், பொடி கரைத்துக் குடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இறங்கியதைவிட ஏறியது அதிகம். கடைசியில்தான் வயிற்றைச் சிறிதாக்கி எடை குறைக்கும் ஆபரேஷன் என்ற யோசனை வந்தது.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், பதினைந்தே நிமிஷத்தில் "அடுத்த வியாழக்கிழமை தேதி இருக்கு, இந்த வாரமே முன்பணம் கட்டினா தள்ளுபடி" என்றார்கள். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வயிற்றை வெட்டப் போகிறவர்கள் அந்த வயிற்றுக்குள் என்ன போகிறது என்று கேட்க வேண்டாமா? பஸ்ஸில் திரும்பும்போது வீட்டுக்காரர் சொன்ன கணக்கு எதுவும் என் காதில் ஏறவில்லை. இந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவதாகக் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் கத்தியைப் பற்றிக் கடைசியில்தான் பேசினார். அதற்கு முன் டயட்டீஷியன், மனநல ஆலோசகர், சுகர் டாக்டர், நுரையீரல் டாக்டர் என்று நாலு பேரிடம் அனுப்பினார். எண்டோஸ்கோபி, தூக்கப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் வந்த பிறகு, "நாலு மாசம் கழிச்சு தேதி பேசலாம்மா. அதுக்குள்ள, ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படிச் சாப்பிடணுமோ அப்படி இப்பவே சாப்பிட்டுப் பழகிடுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அப்படிச் சாப்பிட முடிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன் என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வயிறு முழுசா இருக்கறப்ப தப்புப் பண்ணா அரைக்கிலோ ஏறும், திருத்திக்கலாம். முக்கால் வயித்த எடுத்த பிறகு அதே தப்பப் பண்ணா வலி, வாந்தி, ஆஸ்பத்திரி. எங்க தப்புப் பண்ணிப் பழகறது நல்லது?" என்றார். ஆபரேஷன் பற்றி யோசிக்கும் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது அந்தப் பதில்தான். அந்த நாலு மாதத்தைத் தண்டனையாகவோ தேர்வாகவோ நினைக்காதீர்கள். தப்புச் செய்து கற்றுக்கொள்ள நமக்குக் கிடைக்கும் கடைசி அவகாசம் அது.

எனக்குச் சொன்னது ஸ்லீவ் ஆபரேஷன். வயிற்றின் நீளவாக்கில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் போன்ற குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கும் பகுதியில்தான் சுரக்கிறது, அதனால் பசியே குறைந்துவிடும். இன்னொன்று பைபாஸ்: சின்னப் பையாக வயிற்றின் மேல்பகுதியைப் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைப்பது. கடுமையான நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதை இன்னும் கூட்டிவிடலாம் என்பதால் பைபாஸைச் சொல்வார்கள். எண்டோஸ்கோபியை "எதுக்கு வீண் செலவு" என்று நினைத்தவள் நான். எந்த ஆபரேஷன் என்று முடிவு செய்வதற்கே அது வேண்டியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ரத்தக்கசிவு, தையல் இடத்தில் ஒழுகல், காலில் ரத்தக்கட்டு, அரிதாக உயிருக்கே ஆபத்து என எல்லாவற்றையும் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வரும்போது கையில் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், வாயில் போவதை மட்டும் எழுதுங்கள் என்றார் டயட்டீஷியன். நேரம், என்ன, எவ்வளவு, அப்போது பசி இருந்ததா.

"நான் மூணு வேளையும் அளவாத்தானே சாப்பிடறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அது பொய்யில்லை. காலையில் நாலு இட்லி, மத்தியானம் இரண்டு கரண்டி சோறு, ராத்திரி மூன்று தோசை. எடையை ஏற்றியது அதற்கு இடையில் இருந்தது. துணி கொடுக்க ஆள் வந்தால் டீ, வாங்க வந்தால் டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 60 கிராம் சர்க்கரை, அதிலேயே 240 கலோரி. சுகர் மாத்திரை போட்டுக்கொண்டே இதைக் குடித்திருக்கிறேன். அடுத்தது, பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டுப் போகும் மிச்சம். அரைத் தோசை, ஒரு பிடி தயிர்சோறு. வீணாகப் போகக்கூடாது என்று சிங்க் பக்கத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை. சாயந்திரம் தெருமுனைக் கடையிலிருந்து வரும், சட்னி கலந்த பொரிக் கரம். எங்கள் ஊரில் இதற்கு மயங்காதவர்கள் குறைவு. அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்கு மெஷின் மேல் காராசேவு டப்பா.

அந்தப் பதினொரு மணியைத்தான் மனநல ஆலோசகர் பிடித்துக்கொண்டார். "பசி இருந்ததா" என்ற கட்டத்தில் ஏழு ராத்திரியும் "இல்லை" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், அம்மா இறந்த வருஷத்திலிருந்து. அந்த நேரத்துக்குத்தான் அம்மா தினமும் போன் பண்ணுவார். கடையைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் பேசுவோம். போன் நின்ற இடத்தில் டப்பா வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் எதிரில் அன்று அழுதேன். அந்த அரைமணி நேரத்துக்கு வேறு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்கச் சொன்னார். தங்கைக்குப் போன் பண்ண ஆரம்பித்தேன். அவளும் அம்மாவின் போனுக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டீயை ஒரேயடியாக விடவில்லை. ஆறை மூன்றாக்கி, சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்று, அரை என்று குறைத்து, ஆறாவது வாரம் சர்க்கரையில்லாமல் குடிக்கப் பழகிவிட்டேன். மிச்சத்துக்குத் தீர்வு பிள்ளைகளுக்குக் குறைவாகப் பரிமாறுவது. வேண்டுமென்றால் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளட்டும். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளைங்க தட்டு நெறஞ்சாத்தானே கண்ணு வீடு நெறஞ்ச மாதிரி" என்று பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிகவும் கஷ்டப்பட்டது சாப்பிடும் வேகத்தில்தான். டயட்டீஷியன் கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாலு இட்லி, ஐந்தே நிமிஷம். தையற்காரியின் சாப்பாடு அப்படித்தான், அரைத் தையலில் எழுந்து வந்து விழுங்கிவிட்டு ஓடுவது. இருபது நிமிஷத்துக்குக் குறையக்கூடாது, ஒரு வாய்க்கு இருபது முறையாவது மெல்ல வேண்டும், கூழாகாமல் இறக்கக்கூடாது. கையால் எடுத்தால் அடுத்த கவளம் தானாக உருண்டு நிற்கிறது. அதனால் சின்ன ஸ்பூனுக்கு மாறினேன். ஒரு வாய் வைத்ததும் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைக்க வேண்டும். முதல் நாள் எட்டாவது நிமிஷத்தில் எரிச்சல் தாங்காமல் எழுந்துவிட்டேன். பன்னிரண்டாவது நாளோ என்னவோ, மூன்றாவது இட்லியில் பாதி இருக்கும்போதே போதும் என்று இருந்தது. எத்தனை வருஷமாக அந்த "போதும்" வந்து சேருவதற்குள் நான் தட்டைக் கழுவிவைத்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது இன்னொரு பழக்கம். சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் இரண்டுக்கும் சேர்ந்து இடம் கிடையாது. சொம்பைப் பக்கத்திலேயே வைக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. கை தானாகப் போகிறது.

புரதம் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதையும் அந்த நோட்டுதான் காட்டியது. ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் 60 கிராமாவது வேண்டும் என்கிறார்கள். சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பிலேயே ஆறேழு கிராம்தான் தேறும், எங்கள் வீட்டுச் சாம்பாரில் அதில் பாதிகூட வராது. ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் பனீரில் பதினெட்டு கிராம் அளவில். காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் சுண்டல் அல்லது மீன் அல்லது கோழி, ராத்திரி பனீர் அல்லது மீல்மேக்கர் என்று தட்டை மாற்றினேன். முதலில் புரதம், பிறகு காய், சோறு கடைசியில். புரட்டாசியில் என்ன செய்வீர்கள் என்று டயட்டீஷியன் அப்போதே கேட்டு அதற்கும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். எனக்கென்று தனிச் சமையல் வைக்கவில்லை. தனிச் சமையல் ஒரு மாதம்கூடத் தாங்காது, முன்பு அப்படித்தான் கைவிட்டேன். வீடே மாறியது. ஐந்து பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கியது மூன்றரைக்கு வந்தது.

நடை, மொட்டைமாடியில் ஏழு நிமிஷத்தில் ஆரம்பித்தது. முட்டி அவ்வளவுதான் விட்டது. நாலாவது மாதம் தாந்தோணிமலைப் பக்கம் அரைமணி நேரம் நடக்கிற அளவுக்கு வந்தேன். அதற்குப் பெரிய காரணம் தூக்கம். தூக்கப் பரிசோதனையில் எனக்கு மணிக்கு 38 முறை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது, முப்பதுக்கு மேல் போனாலே கடுமை என்பார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது இது ஆபத்து என்று மூச்சு அடைபடாமல் காற்றை உள்ளே தள்ளும், முகத்தில் மாட்டும் சிபாப் மெஷின் கொடுத்தார்கள். மாட்டிய மூன்றாம் நாள் காலையில், பல வருஷத்துக்குப் பிறகு தலைபாரம் இல்லாமல் எழுந்தேன். குறட்டையை நல்ல தூக்கத்தின் அறிகுறி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், ஆபரேஷன் செய்கிறீர்களோ இல்லையோ. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8தான் இருந்தது, வைட்டமின் டியும் குறைவு. குறையோடு போனால் பிறகு இன்னும் குறையும் என்று இரண்டையும் முன்பே சரிசெய்தார்கள்.

வெளியே சாப்பிடுவதுதான் பெரிய சோதனை. சித்திரையில் மச்சினர் வீட்டுக் கெடா விருந்து. இலையில் உட்கார்ந்துவிட்டால் கொங்கு நாட்டு உபசரிப்பிலிருந்து தப்ப முடியாது. "சுகருங்க" என்று சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் "இன்னிக்கு ஒரு நாளைக்குப் பரவால்ல" என்று அடுத்த கரண்டி வரும். அதனால் முதல்நாளே மச்சினர் மனைவிக்குப் போன் பண்ணி, ஆபரேஷனுக்குத் தயாராகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவரே பரிமாறுகிறவர்களிடம் சொல்லிவிட்டார். நாலு துண்டுக் கறி, கொஞ்சம் பொரியல், இரண்டு கை சோறு. யாரிடமும் சொல்லாமல் ரகசியமாக ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவரவர் உரிமை. ஆனால் நாம் தினமும் சேர்ந்து சாப்பிடும் நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பந்தியும் ஒரு சண்டை.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றையும் ஒட்டக் குறைத்த கடுமையான டயட். கல்லீரலின் இடதுபக்கம் வயிற்றின் மேல் படிந்து கிடக்கிறது, கொழுப்பேறிப் பெருத்திருந்தால் டாக்டரின் கருவிக்கு வழி கிடைக்காது. இரண்டு வாரத்தில் அது சுருங்கிவிடும். இதில் நான் ஒரு தப்புச் செய்தேன். இந்த டயட் தொடங்கும் அன்றே சுகர் மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் பதினொரு மணிக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கை நடுங்குகிறது, நெற்றியில் வியர்வை. மகள் சுகர் பார்த்தாள், 58. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அவள்தான் காப்பாற்றினாள். மாத்திரைச் சீட்டை அன்றிலிருந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தோம்.

2024 ஜூனில் 109 கிலோவோடு ஆபரேஷனுக்குப் போனேன். ஐந்து சிறு துளைகள், அன்று சாயந்திரமே நடக்கவைத்தார்கள், மூன்றாம் நாள் வீடு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பிறகுதான் அந்த நாலு மாதத்தின் அருமை தெரிந்தது. முதலில் தெளிவான நீராகாரம்: இளநீர், வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர். 30 மில்லி மருந்து மூடியால் அளந்து, மிடறு மிடறாக. பிறகு மோர், புரதப் பொடி கரைத்த பால், அதற்கடுத்து மசித்தது, குழைந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று தோசையைத் தொட. அன்று ஆள் காத்திருக்கிறாரே என்று இரண்டு விள்ளலை அவசரமாக விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் கல் நிற்கிற மாதிரி வலி, வாயில் நுரை நுரையாக எச்சில், கடைசியில் வாந்தி. நாலு மாதம் பழகியும் ஒரு நாள் அவசரத்துக்கு அந்தப் பாடு. பழகாமலே போயிருந்தால் மூன்று வேளையும் அப்படித்தான் இருந்திருக்கும். மூன்றாவது வாரம் எடை இறங்காமல் அப்படியே நின்றது. அது பலருக்கும் வருவதுதான். நாலாவது மாதம் முடி கொத்துக்கொத்தாக வந்தது. சீப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. எட்டாவது மாதத்துக்குள் நின்று மறுபடி வளர்ந்தது. மல்ட்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், டி எல்லாம் உயிருள்ளவரை. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

இன்று 82 கிலோ. சுகர் மாத்திரை இரண்டிலிருந்து குறைந்திருக்கிறது, சிபாப் மெஷினை மூட்டைகட்டி மேலே வைத்தாயிற்று. ஆனால் ஒரு வருஷத்துக்குப் பிறகு பசி திரும்பி வந்துவிட்டது. முதல் ஆண்டைத் தேனிலவுக் காலம் என்று டாக்டர் சொன்னது அனுபவத்தில் அப்படியே நடந்தது. போன மாதம் ஒரு ராத்திரி காராசேவு டப்பாவைத் திறந்து மூன்று கை சாப்பிட்டிருக்கிறேன். குழாய் வயிற்றிலும் காராசேவு நன்றாகவே இறங்கும், மெதுவாகச் சாப்பிட்டால். மறுநாளே நோட்டை மறுபடி எடுத்தேன்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். மருத்துவ விதியும் காப்பீட்டு விதியும் ஒன்றல்ல. யாருக்கு இந்த ஆபரேஷன் என்பதற்கு 1991இல் வகுத்த கணக்கு, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40, கூடவே நோய் இருந்தால் 35. இதை 2022இல் இந்த ஆபரேஷன் செய்யும் டாக்டர்களின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து 35, நோயோடு 30 என்று குறைத்தன. ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த பிஎம்ஐயிலேயே சுகர் வருவதால் 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றன. ஆனால் நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இன்னும் 40, அல்லது கட்டுப்படாத சுகர், கடுமையான மூச்சுத்தடை போன்றவை இருந்தால் 35 என்பதுதான். அதோடு, மற்ற வழிகளை முயன்று பலனில்லை என்பதற்கும் சான்று கேட்கும். என் பிஎம்ஐ 47. பழைய டயட்டீஷியன் ரசீது, சுகர் ரிப்போர்ட், அந்த நோட்டின் நகல் எல்லாவற்றையும் வைத்திருந்ததால் வேலை சுலபமானது. எந்தச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வீகோவி என்று வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. எனக்கு அப்போது அவை இல்லை. ஊசியா ஆபரேஷனா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளும் என் வாடிக்கையாளர் ஒருவருக்கும் அவர் டயட்டீஷியன் கொடுத்த தாளைப் பார்த்தேன். புரதம் முதலில், மெதுவாக மெல்லுங்கள், நடங்கள். எனக்குக் கொடுத்த அதே தாள் மாதிரி இருந்தது.

போன வாரம் கல்யாணப் பிளவுஸ் தைக்க ஒரு பெண் வந்தாள். 29 வயது, பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, எடை நூறைத் தாண்டியிருக்கிறது. அளவெடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கும் ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றாங்க. பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டாள். பண்ணு, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கல்யாணமாகிறவள் என்பதால் ஒன்றை மட்டும் சொன்னேன்: ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருஷம் குழந்தையைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், அதை மாப்பிள்ளையோடு பேசிவிட்டு டாக்டரிடம் போ. பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஏழு நாள் எழுது, எதையும் மாற்றாதே.

நேற்று பிளவுஸ் வாங்க வந்தபோது நோட்டையும் கொண்டுவந்திருந்தாள். முதல் பக்கத்தில் எட்டு வரி. எட்டில் ஐந்து "ஆபீஸ் டீ" என்றிருந்தது. பசி இருந்ததா என்ற கட்டத்தில் ஐந்துக்கும் ஒரே பதில். அவள் அதைக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னேன்.